ஏலத்தில் ஓவியம் வாங்கவும் விற்கவும்: முதல் தடவை இறங்குபவருக்கு

கேள்வி இது: ஏலத்தில் ஓர் ஓவியம் வாங்க ஆசை, கையில் சுமார் ஒரு லட்சம் ரூபாய் இருக்கிறது. தாத்தா வீட்டிலிருந்து வந்த சில பழைய படங்களை விற்கவும் யோசனை. எங்கே தொடங்குவது, எங்கெல்லாம் ஏமாற வாய்ப்பு உண்டு?

இரண்டுக்கும் முதல் பதில் ஒன்றுதான். படத்தின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் முதுகையும் காகிதங்களையும் பாருங்கள். ஒரே ஓவியர் ஒரே வருடத்தில் ஒரே அளவில் வரைந்த இரண்டு படங்கள் வேறுவேறு விலைக்குப் போகின்றன என்றால், பெரும்பாலும் காரணம் இதுதான்: ஒன்றுக்கு முதல் ரசீது, கண்காட்சிச் சீட்டு, கேட்லாக்கில் அச்சான படம் என்று எல்லாம் இருக்கும், மற்றதற்கு “எங்கள் குடும்பத்தில் ரொம்ப நாளாக இருக்கிறது” என்ற வாய்வார்த்தை மட்டும் இருக்கும். வாங்கும்போது இதைக் கேட்டு வாங்க வேண்டும். விற்கும்போது இதைத் தேடி எடுத்துவைக்க வேண்டும்.

எங்கே நடக்கிறது

இந்திய நவீன ஓவியங்களுக்கு முக்கியமான ஏல நிறுவனங்கள் மும்பையில் இருக்கின்றன: சாஃப்ரன்ஆர்ட், அஸ்தகுரு, புண்டோல்ஸ். வெளிநாட்டில் கிறிஸ்டீஸும் சோத்பீஸும் தெற்காசிய ஓவியங்களுக்கென்றே தனி ஏலம் நடத்துகின்றன. விலை உயர்ந்த படங்களுக்கான மாலை நேர ஏலங்களில் லட்ச ரூபாய்க்கு இடமில்லை. ஆனால் இதே நிறுவனங்கள் ஆன்லைனில் சின்ன விலை ஏலங்களும் நடத்துகின்றன. சாஃப்ரன்ஆர்ட்டின் ஸ்டோரிஎல்டிடி தளத்தில் குறைந்தபட்ச விலையே வைக்காத ஏலங்கள்கூட உண்டு. தொடங்குபவருக்கு ஏற்ற இடம் இந்த மாதிரி ஏலங்கள்தான்.

லட்ச ரூபாய்க்கு, புகழ்பெற்ற ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைக் கான்வாஸ் கிடைக்காது. அந்தத் தொகைக்குத் தேட வேண்டியவை காகிதத்தில் செய்த வேலைகள்: மை கோட்டோவியம், சிறிய நீர்வண்ணம், எட்சிங் (அமிலத்தால் அரித்த உலோகத் தகட்டிலிருந்து அச்சிட்டது), லித்தோகிராஃப் (கல்லச்சு), செரிகிராஃப் (பட்டுத்திரை அச்சு). சென்னை ஓவியக் கல்லூரியும் 1966-ல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமமும் உருவாக்கிய தலைமுறை, கோட்டில் அசாத்தியத் திறமை காட்டிய தலைமுறை. கே.எம். ஆதிமூலத்தின் கருப்பு மை கோடுகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அந்த ஓவியர்களின் காகித வேலைகளைப் பொறுமையாகத் தேடுவது, பெரிய பெயரின் சுமாரான கான்வாஸுக்கு ஆசைப்படுவதைவிட நல்ல வழி என்பது என் உறுதியான கருத்து. பெயரை வாங்காமல் அந்த ஓவியர் எதில் சிறந்தவரோ அதை வாங்குங்கள்.

முதலில் கணக்கு

புதிதாக வருபவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். ஏலக்காரர் சுத்தியல் தட்டும் விலை நீங்கள் கட்டும் விலை இல்லை. அதன் மேல் வாங்குபவர் கமிஷன் வரும். அதை பையர்ஸ் பிரீமியம் என்பார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், இந்தியாவில் பொதுவாக 15 முதல் 25 சதவீதம். அதன் மேல் வரி. ஓவியங்களுக்கு 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். கமிஷன் ஒரு சேவைக் கட்டணம் என்பதால் அதற்கு 18 சதவீதம் போடுவது வழக்கம். எந்த வரி எதன் மேல் என்பது அந்தந்த ஏலத்தின் நிபந்தனைப் பக்கத்தில் எழுதியிருக்கும். ஒவ்வொரு முறையும் படியுங்கள்.

சுத்தியல் விலை 1,00,000, கமிஷன் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் 20,000. படத்தின் மீது வரி 5,000. கமிஷன் மீது வரி 3,600. ஆக 1,28,600 ரூபாய். பேக்கிங், லாரி, இன்ஷூரன்ஸ் தனி. உங்கள் கையில் இருப்பது மொத்தமே ஒரு லட்சம் என்றால், நீங்கள் கேட்கக்கூடிய உச்ச விலை சுமார் 77,000தான். போக்குவரத்துக்கு ஒதுக்கினால் 72,000 அல்லது 73,000. இந்த எண்ணை ஏலத்துக்கு முந்தைய நாளே எழுதிவையுங்கள்.

அதே படத்தை விற்றவருக்கு என்ன கிடைக்கும்? விற்பவர் கமிஷன் 10 சதவீதம் என்றால் 10,000, அதற்கு வரி 1,800. கைக்கு வருவது 88,200. அதிலும் புகைப்படம், காப்பீடு என்று கழிப்பார்கள். வாங்கியவர் கொடுத்தது 1,28,600, விற்றவர் பெற்றது 88,200. ஆகவே இன்று இந்தக் கணக்கில் வாங்கிய படத்தை நாளை ஏலத்தில் விட்டு, போட்ட பணத்தை எடுக்க வேண்டுமானால், சுத்தியல் விலை 1,45,800 ஆக வேண்டும். கிட்டத்தட்ட 46 சதவீத ஏற்றம். இரண்டு மூன்று வருடத்தில் லாபத்தோடு விற்கலாம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். வீட்டுச் சுவரில் பத்து வருடம் பார்த்துக்கொண்டிருக்க விருப்பம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

மதிப்பீடும் ரிசர்வும்

கேட்லாக்கில் ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு பொருளுக்கும், கீழே ஒரு மதிப்பீடு இருக்கும், உதாரணமாக 60,000 - 80,000. விற்பவரும் நிறுவனமும் பேசி வைத்துக்கொண்ட ரகசியமான ரிசர்வ் விலை ஒன்று உண்டு. அதற்குக் கீழே படம் கைமாறாது. வழக்கமாக அது கீழ் மதிப்பீட்டைத் தாண்டாது. ரிசர்வைத் தொடும்வரை விற்பவர் சார்பில் ஏலக்காரரே விலை ஏற்றிக்கொண்டு போகலாம் என்று பெரும்பாலான நிபந்தனைகளில் இருக்கும். எனவே ஆரம்பத்தில் கேட்கும் இரண்டு மூன்று விலைகள் நிஜமான ஆளிடமிருந்து வந்தவை என்று நினைத்துப் போட்டியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆன்லைனில் பல தளங்களில் ரிசர்வ் எட்டவில்லை என்ற குறி பக்கத்திலேயே தெரியும்.

பத்திரிகையில் வரும் விலையையும் கேட்லாக் மதிப்பீட்டையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது. முன்னது கமிஷன் சேர்த்தது, பின்னது சேர்க்காதது. 2025 மார்ச்சில் நியூயார்க் கிறிஸ்டீஸில் எம்.எஃப். ஹுசைனின் ‘கிராம யாத்ரா’ சுமார் 1.38 கோடி டாலருக்குப் போனதாகச் செய்தி வந்தது. அது கமிஷன் உட்பட. மதிப்பீடு 25 முதல் 35 லட்சம் டாலர், கமிஷன் இல்லாமல். அப்படிக் கழித்தாலும் பல மடங்கு ஏறியது உண்மைதான். அந்த ஏற்றத்துக்கு ஒரு காரணம் அதன் வரலாறு: நார்வேயில் வாழ்ந்த ஒரு மருத்துவர் 1954-ல் வாங்கியது, 1964-ல் ஆஸ்லோவில் ஒரு மருத்துவமனைக்குக் கொடுத்தது, அதன் பிறகு எந்தச் சந்தைக்கும் வராதது. எங்கே இருந்தது, யார் கையில் இருந்தது என்பதில் ஓர் ஆண்டுகூட இடைவெளி இல்லை.

உங்கள் உச்ச விலையை முடிவு செய்ய, அதே ஓவியரின் பழைய ஏல முடிவுகளை எடுங்கள். நிறுவனங்களின் இணையதளங்களில் இலவசமாகவே கிடைக்கும். ஒப்பிடும்போது ஊடகம், அளவு, காலம் மூன்றும் பொருந்த வேண்டும். ஆதிமூலத்தின் எண்ணெய் வண்ண அரூப ஓவியத்தின் விலையை வைத்து அவருடைய மை கோட்டோவியத்தை மதிப்பிட முடியாது. விற்காமல் திரும்பிய லாட்டுகளையும் பாருங்கள். பல இடங்களில் அவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். லாட் எண்கள் இடையில் விட்டுப்போயிருந்தால் அதுதான் காரணமாக இருக்கக்கூடும்.

கண்ணால் பார்க்க வேண்டியவை

ஏலத்துக்கு முன் சில நாட்கள் பார்வைக்கு வைப்பார்கள். போக முடிந்தால் போங்கள். ஃபிரேமிலிருந்து கழற்றிக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், சங்கடப்பட வேண்டாம். போக முடியாவிட்டால் கண்டிஷன் ரிப்போர்ட்டும் (படத்தின் நிலை, சேதம் பற்றிய அறிக்கை) கூடுதல் படங்களும் மின்னஞ்சலில் கேளுங்கள்: பின்பக்கம் முழுதாக, நான்கு மூலைகள், கையெழுத்து கிட்டத்தில், பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுத்த படம் ஒன்று. பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் வண்ணம் மேலெழும்பியிருப்பதும் காகிதத்தின் சுருக்கமும் தெரியும். ஏலத்தில் விற்பது உள்ளது உள்ளபடி என்ற நிபந்தனையில்தான். வாங்கிய பிறகு கறையைக் காட்டிப் பணம் திருப்பிக் கேட்க முடியாது.

காகித வேலை என்றால் நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்று செய்யும் சேதத்தைத்தான் முதலில் தேட வேண்டும். பூஞ்சையால் வரும் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள். இராமபாணப் பூச்சி மேல்தோலை மட்டும் சுரண்டிய தடங்கள். படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையின் உள்விளிம்பை ஒட்டி நாலாபுறமும் ஓடும் பழுப்புக் கோடு, இது மலிவான அட்டையின் அமிலம் காகிதத்தை எரித்ததால் வருவது. ஃபிரேமின் பின்னால் பிளைவுட் அடித்திருந்தால் பழுப்பு முழுப் பரப்பிலும் பரவியிருக்கும். செலோடேப் கறை எளிதில் போகாது. மூன்று கேள்விகளுக்குப் பதில் கட்டாயம் வேண்டும்: காகிதத்தின் ஓரம் வெட்டப்பட்டிருக்கிறதா, அட்டையில் பசை போட்டு ஒட்டியிருக்கிறதா, ஃபிரேமின் விளிம்புக்குள் மறைந்திருந்த பகுதியின் நிறம் மற்ற இடத்தைவிட அடர்த்தியாக இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் வெயிலில் நிறம் வெளுத்திருக்கிறது என்று பொருள். வெளுத்த நிறம் திரும்பாது.

கான்வாஸ் என்றால் யூ.வி. (புற ஊதா ஒளி) டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்தான். இருட்டில் அடித்தால் பழைய வார்னிஷ் பச்சை கலந்த ஒளியில் மங்கலாக மின்னும், அதன் மேல் பிற்காலத்தில் பூசிய இடங்கள் கருந்திட்டுகளாகத் தெரியும். சின்னத் திட்டுகள் இயல்பு. முகத்திலோ கையெழுத்திலோ திட்டு இருந்தால் விலகிக்கொள்ளுங்கள். இதே டார்ச் காகிதத்துக்கும் உதவும். 1950களுக்குப் பிறகுதான் காகிதத்தில் வெண்மையூட்டும் ரசாயனம் பரவலாகச் சேர்க்கத் தொடங்கினார்கள், அது யூ.வி.யில் நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிரும். 1930 என்று தேதி போட்ட கோட்டோவியம் அப்படி ஒளிர்ந்தால் தேதி பொய். அக்ரிலிக் வண்ணமும் தேதியைக் காட்டிக்கொடுக்கும். 1940 என்று எழுதிய படத்தில் அது இருக்க வழியில்லை.

அச்சுப்பிரதிகளில் 10 மடங்கு உருப்பெருக்கும் லென்ஸ் போதும். நம் வீடுகளில் ரவிவர்மா படங்கள் நிறைய உண்டு. விற்கிறவர்கள் எல்லாவற்றையும் பழைய ஓலியோகிராஃப் (எண்ணெய் ஓவியம் போலத் தோன்றும் கல்லச்சுப் படம்) என்பார்கள். 1894-ல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் படங்கள் கல்லச்சில் அடிக்கப்பட்டவை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். லென்ஸ் வைத்துப் பார்த்தால் புள்ளிகள் கையால் வைத்தது போல ஒழுங்கில்லாமல், பெரிதும் சிறிதுமாக இருக்கும், விளிம்புகளில் ஒரு நிறம் இன்னொன்றை மீறி லேசாகத் துருத்திக்கொண்டிருக்கும். பிற்கால ஆஃப்செட் பிரதியில் நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்புப் புள்ளிகள் சம இடைவெளியில் வட்டவட்டமாகப் பூப்போல அமைந்திருக்கும். இன்றைய இங்க்ஜெட்டில் தூவியது போல மிக நுண்ணிய துளிகள். பத்து வினாடிச் சோதனை, அட்டையைப் பழுப்பாக்கிப் பழசு போலக் காட்டியிருந்தாலும் இதில் மாட்டிக்கொள்ளும்.

நவீன ஓவியர்களின் எட்சிங்கில் தகடு அழுந்திய பள்ளம் படத்தைச் சுற்றி விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். கீழே பென்சிலில் 12/75 என்பது போலப் பிரதி எண்ணும் கையெழுத்தும் இருக்க வேண்டும். ஏ/பி என்று இருந்தால் அது ஓவியரின் சொந்தப் பிரதி. அச்சடித்த போஸ்டரில் ஓவியர் கையெழுத்துப் போட்டிருந்தால் அது கையெழுத்துள்ள போஸ்டர், அவ்வளவே. அதற்கு எட்சிங்கின் விலை கொடுக்க வேண்டியதில்லை.

போலிகள்

ஹுசைன், ராஸா, ஜாமினி ராய் மூவர் பெயரிலும் போலிகள் ஏராளம். 2009 ஜனவரியில் டெல்லியில் தன் ஆரம்பகால ஓவியங்களின் கண்காட்சியைத் திறந்துவைக்க வந்த எஸ்.எச். ராஸா, சுவரில் தொங்கியவற்றில் பெரும்பாலானவை தான் வரைந்ததே இல்லை என்று அங்கேயே கண்டுகொண்டார். ஓவியர் உயிரோடு இருக்கும்போதே இப்படி என்றால் மறைந்தவர்கள் விஷயத்தில் எவ்வளவு கவனம் வேண்டும்!

கேட்லாக் மொழியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ‘கையெழுத்திட்டது’ என்றால் ஓவியரே போட்டது என்று நிறுவனம் சொல்கிறது. ‘கையெழுத்து காணப்படுகிறது’ என்றால் யார் போட்டது என்பதற்கு நிறுவனம் பொறுப்பேற்கவில்லை. ‘இன்னாருடையதாகக் கருதப்படுவது’, ‘இன்னார் பாணியில்’ என்றெல்லாம் வந்தால் பொறுப்பு இன்னும் குறைகிறது, விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும்.

சான்றிதழ் இருக்கிறது என்பது மட்டும் போதாது. யார் கொடுத்தது? ஓவியரே, அவருடைய குடும்பம், முதலில் விற்ற கேலரி என்றால் மதிப்புண்டு. அதிலும் படத்தின் புகைப்படம், அளவு, ஊடகம், தேதி எல்லாம் ஒரே தாளில் இருக்க வேண்டும். படம் ஒட்டாத சான்றிதழை எந்தப் படத்தோடும் சேர்த்து விற்கலாம். முப்பத்துமூன்று வயதில் 1973-ல் மறைந்த கே. ராமானுஜம் போன்றவர்கள் வரைந்ததே குறைவு. அப்படிப்பட்டவரின் படம் திடீரென்று எந்த வரலாறும் இல்லாமல் மலிவாக வந்தால், அதிர்ஷ்டம் என்று எண்ணும் முன் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். போலி என்று பின்னால் தெரிந்தால் எத்தனை நாளுக்குள், என்ன ஆதாரத்தோடு முறையிட வேண்டும் என்பதும் நிபந்தனைகளில் இருக்கும். அந்தக் காலக்கெடுவைக் குறித்துவையுங்கள்.

சட்டம்

தாத்தா வீட்டுப் படங்களுக்கு இது மிக முக்கியம். 1972-ல் இயற்றி 1976-ல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி 100 வருடத்துக்கு மேற்பட்ட ஓவியமும் சிற்பமும் தொல்பொருள். சுவடிகள் போன்றவற்றுக்கு 75 வருடம். பழைய ஓவியங்களை, மரப்பலகையில் செய்த தஞ்சாவூர்ப் படங்கள் உட்பட, பதிவு அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். கைமாறினால் தெரிவிக்க வேண்டும். தொல்பொருள் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும். நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. ஆகவே 100 வருடத்துத் தஞ்சாவூர்ப் படத்தை இணையத்தில் யாருக்கோ விற்று கூரியரில் அனுப்புவது குற்றத்தில் போய் முடியலாம்.

உங்களிடம் இருப்பது உண்மையிலேயே அவ்வளவு பழையதா என்பதை ஓரளவு வீட்டிலேயே பார்க்கலாம். பழைய தஞ்சாவூர்ப் படங்கள் பலாப்பலகை போன்ற கெட்டி மரத்தில் துணி ஒட்டி, சுண்ணப்பூச்சு கொடுத்துச் செய்தவை. பின்பக்கம் பலகையின் இணைப்பும் குறுக்குச் சட்டமும் தெரியும். ஓரத்தில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் அது பிளைவுட், பிற்கால வேலை. வேலைப்பாடு அழகாகவே இருக்கலாம். தொல்பொருள் விலைதான் கிடையாது.

ஒன்பது ஓவியர்களின் படைப்புகள் வயது எதுவானாலும் தேசியக் கலைக் கருவூலங்கள்: ரவிவர்மா, அமிர்தா ஷெர்கில், ஜாமினி ராய், நந்தலால் போஸ், ரவீந்திரநாத், அவனீந்திரநாத், ககனேந்திரநாத் ஆகிய மூன்று தாகூர்கள், நிக்கோலஸ் ரோரிக், சைலோஸ் முகர்ஜி. இந்தியாவுக்குள் வாங்கலாம், விற்கலாம். வெளியே அனுப்ப முடியாது. வெளிநாட்டில் வசிக்கும் உறவினருக்காக ஏலம் கேட்கிறவர்கள் இதை மறந்துவிட்டுப் பிறகு தவிக்கிறார்கள்.

செப்புத் திருமேனிகள், கோயில் சிலைகள் விஷயத்தில் என் அறிவுரை ஒரே சொல்: வேண்டாம். பெரிய நிறுவனத்தின் ஏலத்தில் வந்தது என்பதே பாதுகாப்பு ஆகாது. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967-ல் லண்டன் சோத்பீஸில் ஒரு திருமங்கையாழ்வார் திருமேனியை வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1957-ல் எடுத்த புகைப்படத்தில் அதே திருமேனி கும்பகோணத்தை அடுத்த சுந்தரப்பெருமாள்கோயில் ஊரின் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் இருந்தது தெரியவந்தது. 2024-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் அதைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. அருங்காட்சியகத்தால் கிட்டத்தட்ட அறுபது வருடம் கழித்துத் திருப்பிக் கொடுக்க முடியும். தனி ஆள் என்றால் பணமும் போய், வழக்கும் வரும்.

ஏல நாள்

பதிவுக்கு பான், ஆதார், முகவரி கேட்பார்கள். பெரிய தொகைக்கு வங்கிக் கடிதம் அல்லது முன்பணம். கடைசி நாளில் பதிந்தால் அனுமதி கிடைக்காமல் போகலாம், ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். முதல் ஏலத்தில் எதையும் கேட்காமல் முழுதாகப் பார்த்திருங்கள்.

விலை பொதுவாகச் சுமார் 10 சதவீதப் படிகளில் ஏறும்: 50,000, 55,000, 60,000 என்று. உங்கள் உச்சம் 72,000 என்றால் உண்மையில் நீங்கள் 70,000-ல் நின்றுவிடுவீர்கள். எதிராளி 70,000-ஐப் பிடித்துவிட்டால் அடுத்த படி 75,000, அது உங்களுக்கு எட்டாது. ஒரு படி கூடுதலாகப் போவதா இல்லையா என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள், அந்த நேரத்துச் சூட்டில் செய்யாதீர்கள். கட்டுப்பாடு கடினம் என்று தோன்றினால் உச்ச விலையை முன்பே எழுத்தில் கொடுத்துவிடலாம். அதனால் முழுத் தொகைக்கும் படம் உங்கள் தலையில் விழாது. அடுத்தவரைத் தாண்டத் தேவையான அளவுக்கு மட்டுமே உங்கள் பெயரில் ஏற்றுவார்கள். இருவர் ஒரே தொகை கொடுத்திருந்தால் முதலில் கொடுத்தவருக்குப் போகும்.

ஆன்லைனில் கடைசி நொடியில் கேட்டுத் தட்டிச்செல்லும் தந்திரம் பலிக்காது. முடியும் தறுவாயில் யாராவது விலை ஏற்றினால் நேரம் சில நிமிடம் தானாக நீளும்.

உங்களுக்கு விழுந்துவிட்டால் பணம் கட்டக் குறிப்பிட்ட நாட்களே அவகாசம். ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்க வருமான வரிச் சட்டம் யாருக்கும் அனுமதி தருவதில்லை, அப்படிக் கேட்பவர் யாரானாலும் விலகுங்கள். இன்வாய்ஸ், கேட்லாக், கண்டிஷன் ரிப்போர்ட், மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் படத்தோடு வையுங்கள். நீங்கள் விற்கும் நாளில் அதுதான் உங்கள் காகிதம். போக்குவரத்தில் கண்ணாடி உடைந்து காகிதத்தைக் கிழிப்பதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து, ஃபிரேம் இல்லாமல் அனுப்பச் சொல்லலாம். கான்வாஸைச் சுருட்டியே ஆக வேண்டுமென்றால் அகலமான குழாயில், வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்ட வேண்டும். உள்ளே இருந்தால் வண்ணம் நசுங்கி, விரிக்கும்போது பெயர்ந்துவிடும். படத்தை வாங்கியதால் பதிப்புரிமை உங்களுடையதாகிவிடாது. காலண்டரிலோ புத்தக அட்டையிலோ போட ஓவியரிடமோ வாரிசுகளிடமோ அனுமதி வேண்டும்.

விற்பது

முதல் விதி, எதையும் சுத்தம் செய்யாதீர்கள். ஈரத்துணியால் துடைப்பது, புது ஃபிரேம் போடுவது, பின்பக்கத்துப் பழைய சீட்டைக் கிழிப்பது மூன்றுமே விலையைக் குறைக்கும். அந்தச் சீட்டில்தான் கேலரி பெயரும் கண்காட்சி வருடமும் இருக்கும்.

பிறகு காகிதங்கள். வாங்கிய ரசீது இல்லாவிட்டாலும் ஓவியர் எழுதிய கடிதம், வங்கிப் புத்தகப் பதிவு, அந்தப் படம் சுவரில் தொங்கும் பழைய குடும்பப் புகைப்படம் எல்லாம் ஆதாரமே. கல்யாண ஆல்பத்தில் பின்னணியில் படம் தெரிந்தால் அது எந்த வருடத்தில் உங்கள் வீட்டில் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அடுத்து உரிமை: உயில் இருந்தால் அது, இல்லாவிட்டால் வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்ட ஆட்சேபணையில்லாக் கடிதமும். கேட்லாக் அச்சான பிறகு சித்தப்பா ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் லாட்டை எடுத்துவிடுவார்கள். எடுத்ததற்கான கட்டணத்தை உங்களிடம் வாங்குவார்கள்.

முன்பக்கம், பின்பக்கம், கையெழுத்து, சீட்டு ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, ஃபிரேம் இல்லாத அளவைக் குறித்து, இரண்டு மூன்று நிறுவனங்களுக்கு அனுப்புங்கள். ஆரம்ப மதிப்பீட்டுக்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. உயர்ந்த மதிப்பீடு சொன்னவரிடமே கொடுக்கத் தோன்றும். அதுதான் விற்பவர்கள் செய்யும் பெரிய பிழை. மதிப்பீடு அதிகமென்றால் கேட்க வருபவர்கள் தயங்குவார்கள், படம் விற்காமல் திரும்பும், அந்தத் தோல்வி இணையத்தில் எல்லோர் கண்ணிலும் படும். அதே படத்தை அடுத்த வருடம் கொண்டுபோனால் அதில் ஏதோ குறை என்ற எண்ணம் ஒட்டிக்கொள்ளும். சில வருடம் ஆறவிட வேண்டியிருக்கும். மதிப்பீடு கொஞ்சம் குறைவாக இருந்தால் இரண்டு பேர் துணிந்து இறங்குவார்கள், விலையை ஏற்றுவது அந்த இரண்டாவது ஆள்தான்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் எழுத்தில் கேட்க வேண்டியவை: கமிஷன் எவ்வளவு, பேசிக் குறைக்க முடியுமா, புகைப்படம், காப்பீடு, போக்குவரத்து யார் செலவு, விற்காவிட்டால் கட்டணம் உண்டா, திருப்பி அனுப்புவது யார் பொறுப்பு, வாங்கியவர் பணம் கட்டாவிட்டால் என்ன ஆகும், உங்களுக்கு எந்தத் தேதியில் பணம் வரும். வாங்கியவர் கட்டிய பிறகுதான் உங்களுக்கு வரும். கேட்லாக்குக்குப் படம் சேர்ப்பது ஏலத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே முடிந்துவிடும் என்பதால், கொடுத்த நாளிலிருந்து பணம் வரும்வரை ஆறு மாதம் ஆகலாம். அவசரத் தேவைக்கு இந்த வழி ஒத்துவராது. நிறுவனங்கள் ஏற்காத சின்ன விலைப் படங்களுக்கு உள்ளூர் கேலரியே நல்ல இடம்.

வரி விஷயத்தில், வீட்டுச் சாமான் என்ற விலக்கு ஓவியங்களுக்கு இல்லை. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்டகால மூலதன ஆதாயம், 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீதம். பரம்பரையாக வந்த படத்துக்கு முந்தைய உரிமையாளர் வைத்திருந்த காலமும் சேரும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியது என்றால் அந்தத் தேதியின் சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மதிப்பீட்டாளர் அறிக்கை வேண்டும். படத்தை ஏல நிறுவனத்துக்கு அனுப்பும் முன்பே மதிப்பீட்டாளரிடம் காட்டிவிடுங்கள், விற்றுக் கைமாறிய பிறகு அவர் பார்ப்பதற்குப் படம் இருக்காது.